இ-புக் விலைச் சண்டை: குறைத்தவர் தப்பினார், ஏற்றியவர்கள் சிக்கினார்கள்... ஏன்?

2016 ஜூன் மாதம். அமெரிக்காவில் சில ஆண்டுகளுக்கு முன்பு இ-புக் வாங்கியிருந்த லட்சக்கணக்கானவர்களின் கணக்கில் திடீரென்று பணம் வந்து விழுந்தது. வாங்கிய புத்தகம் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் பட்டியலில் இருந்திருந்தால், ஒரு புத்தகத்துக்கு 6.93 டாலர். மற்ற புத்தகம் என்றால் 1.57 டாலர்.

பணம் ஆப்பிள் கொடுத்தது. ஆனால் வாங்கிக்கொண்ட பலர் ஆப்பிளிடம் ஒரு புத்தகம்கூட வாங்கியவர்கள் இல்லை. அமேசானின் கிண்டிலில் வாங்கியவர்கள்!

அமேசான் விற்ற புத்தகத்துக்கு ஆப்பிள் ஏன் காசு தரணும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஐந்து பெரிய பதிப்பகங்களும் ஆப்பிளும் சேர்ந்து இ-புக் விலையை ஏற்றினார்கள் என்று அமெரிக்க அரசு போட்ட வழக்கு அது. ஆப்பிள் உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றது.

சந்தையில் 90 சதவீதத்தைக் கையில் வைத்திருந்த அமேசான் மீது வழக்கு இல்லை. புதிதாகக் கடை திறக்க வந்த ஆப்பிள் மீதுதான் வழக்கு. இது நியாயமா? போட்டிச் சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது, வாசகரையா, எழுத்தாளரையா, கடைக்காரரையா? விரிவாகப் பார்ப்போம்.

எல்லாம் தொடங்கியது 9.99 டாலரில்

அமேசான் முதல் கிண்டிலை 2007 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. கருவியின் விலை 399 டாலர். இவ்வளவு கொடுத்து ஒருத்தர் வாங்கணும்னா, புத்தகமாவது மலிவாகக் கிடைக்கணும் இல்லையா? அதனால் புதிதாக வந்த புத்தகங்களையும் பெஸ்ட்செல்லர்களையும் 9.99 டாலருக்கு விற்றது அமேசான்.

அப்போது கெட்டி அட்டை போட்ட புதிய புத்தகம் ஒன்றின் அட்டை விலை 25 டாலரைத் தாண்டும். வாசகர்களுக்குக் கொண்டாட்டம். 2009 வாக்கில் அமெரிக்க இ-புக் விற்பனையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அமேசான் கைக்குப் போனது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பதிப்பகங்கள் அமேசானுக்கு மலிவாகக் கொடுக்கவில்லை. அச்சுப் புத்தகம் போலவே, அட்டை விலையில் கிட்டத்தட்ட பாதியை மொத்த விலையாக வாங்கிக்கொண்டுதான் கொடுத்தன. 12, 13 டாலருக்கு வாங்கி, 9.99-க்கு விற்றது அமேசான். அதாவது பல பெஸ்ட்செல்லர்களை நஷ்டத்துக்கு விற்றது.

நஷ்டம் அமேசானுக்கு... பதிப்பகங்களுக்கு என்ன கவலை?

நியாயமான கேள்விதான். ஒரு இ-புக்குக்கு 13 டாலர் கைக்கு வந்துவிடுகிறது. கடைக்காரர் என்ன விலைக்கு விற்றால் என்ன?

பதிப்பகங்களுக்கு இரண்டு பயம் இருந்தது.

முதல் பயம், பழக்கம். புதுப் புத்தகம் என்றால் 10 டாலர்தான் என்று வாசகர் மனதில் பதிந்துவிட்டால், 26 டாலர் கெட்டி அட்டைப் புத்தகத்தை யார் வாங்குவார்? பதிப்பகங்களின் வருமானத்துக்கு அப்போது முதுகெலும்பே அந்தப் புத்தகங்கள்தான். அதை விற்கும் பாரம்பரியக் கடைகளும் மூடிவிடும்.

இரண்டாவது பயம், நாளைக்கு என்ன நடக்கும் என்பது. மற்ற கடைகள் எல்லாம் போன பிறகு, அமேசான் திரும்பி நின்று “நான் 9.99-க்கு விற்கிறேன், எனக்கு நீங்க 7 டாலருக்குக் கொடுங்க” என்று கேட்டால்? வேறு போக்கிடம் இருக்காது.

பயம் உண்மையானதுதான். அதற்கு அவர்கள் தேடிய வழிதான் சிக்கலானது.

அப்போது அமெரிக்கப் பதிப்புலகில் ஆறு பெரிய நிறுவனங்கள்: ரேண்டம் ஹவுஸ், பெங்குவின், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர், ஹேஷெட், மேக்மில்லன். இவற்றின் தலைமை நிர்வாகிகள் நியூயார்க் உணவகங்களின் தனி அறைகளில் அவ்வப்போது சந்தித்துச் சாப்பிடுவது வழக்கம். 9.99 டாலர் பிரச்னையும் அந்த மேஜைகளில் பேசப்பட்டது என்று நீதிமன்றம் பின்னர் பதிவு செய்தது.

ஆப்பிள் உள்ளே வந்தது

2009 டிசம்பர். ஐபேட் வெளியீட்டுக்கு சில வாரங்களே இருந்தன. அதில் ஒரு புத்தகக் கடையும் இருக்கணும் என்று ஆப்பிள் முடிவு செய்தது. அதன் மூத்த நிர்வாகி எடி க்யூ நியூயார்க் போய் பதிப்பகங்களை ஒவ்வொன்றாகச் சந்தித்தார்.

ஆப்பிளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நஷ்டத்துக்கு விற்க முடியாது. அமேசானோடு விலைப் போட்டியும் போட முடியாது. அப்போ என்ன வழி?

ஏற்கெனவே ஐபோன் ஆப்களுக்கு வைத்திருந்த முறையையே இங்கேயும் கொண்டுவந்தார்கள். கடைக்காரர் புத்தகத்தை வாங்கி விற்க வேண்டாம். பதிப்பகமே விலை வைக்கும், கடைக்காரர் வெறும் முகவர். விற்கும் விலையில் 30 சதவீதம் கமிஷன் அவருக்கு, மீதி 70 சதவீதம் பதிப்பகத்துக்கு. இதைத்தான் ‘ஏஜென்சி முறை’ என்கிறார்கள்.

பெரும்பாலான புதிய புத்தகங்களுக்கு 12.99, 14.99 டாலர் என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். பெயருக்குத்தான் வரம்பு. நடைமுறையில் அதுவே விலையாகிவிட்டது.

ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. வேறு எந்தக் கடையாவது அதே இ-புக்கைக் குறைந்த விலைக்கு விற்றால், ஆப்பிள் கடையிலும் அந்த விலைக்கே பதிப்பகம் கொடுக்க வேண்டும். இதைச் ‘சம விலை ஷரத்து’ என்று வைத்துக்கொள்வோம். இந்த வழக்கின் உயிர்நாடியே இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

அட்டை விலை 26 டாலர் உள்ள ஒரு புத்தகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

பழைய முறை: பதிப்பகத்துக்கு 13 டாலர். வாசகர் கொடுப்பது 9.99. அமேசானுக்கு நஷ்டம் 3.01.

புதிய முறை: வாசகர் கொடுப்பது 12.99. கடைக்கு 3.90. பதிப்பகத்துக்கு 9.09.

கவனித்தீர்களா? வாசகர் 3 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார். ஆனால் பதிப்பகத்துக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 4 டாலர் குறைகிறது! கையில் வரும் காசைக் குறைத்துக்கொண்டு விலையை ஏற்றச் சம்மதித்திருக்கிறார்கள். லாபத்துக்காகச் செய்தது என்று இதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. விலை வைக்கும் அதிகாரத்தை அமேசான் கையிலிருந்து பிடுங்கக் கொடுத்த விலை அது.

இப்போ அந்த சம விலை ஷரத்தைச் சேர்த்துப் பாருங்கள். அமேசான் தொடர்ந்து 9.99-க்கு விற்றால், ஆப்பிளிலும் 9.99-க்கு விற்கணும். அப்போ ஆப்பிள் வழியாகப் பதிப்பகத்துக்குக் கிடைப்பது 6.99 டாலர்தான். 13 டாலர் வந்த இடத்தில் 6.99!

ஆக, ஆப்பிளோடு கையெழுத்துப் போட்ட பதிப்பகத்துக்கு அடுத்த வேலை தெளிவாகிவிடுகிறது. அமேசானிடம் போய், “நீங்களும் இந்த முறைக்கு மாறுங்க” என்று கேட்டே ஆகணும். ஒரு பதிப்பகம் மட்டும் கேட்டால் அமேசான் சிரித்துவிட்டுப் போய்விடும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டால்?

பட்டன் காணாமல் போன வார இறுதி

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகப்படுத்தினார். அதற்கு முந்தைய சில நாட்களுக்குள் ரேண்டம் ஹவுஸ் தவிர மற்ற ஐந்து பதிப்பகங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டன.

அன்று பத்திரிகையாளர் வால்ட் மாஸ்பர்க் ஜாப்ஸிடம் ஒரு கேள்வி கேட்டார். அமேசானில் 9.99-க்குக் கிடைக்கும்போது உங்களிடம் ஏன் 14.99 கொடுத்து வாங்கணும்? விலை வித்தியாசமே இருக்காது, ஒரே விலையாகத்தான் இருக்கும் என்ற பொருளில் ஜாப்ஸ் பதில் சொன்னார். போட்டியாளர் கடையில் என்ன விலை இருக்கப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்தப் பதில் பின்னாளில் வழக்கில் சாட்சியமானது.

மறுநாளே மேக்மில்லன் தலைமை நிர்வாகி ஜான் சார்ஜென்ட் சியாட்டிலுக்குப் பறந்து போய், அமேசானிடம் புதிய முறையைச் சொன்னார். அமேசானுக்குக் கடுப்பு. தன் தளத்தில் மேக்மில்லன் புத்தகங்களை ‘வாங்கும்’ பட்டனையே எடுத்துவிட்டது. இ-புக் மட்டுமல்ல, அச்சுப் புத்தகத்துக்கும்.

அந்த வார இறுதி முடிவதற்குள் அமேசான் இறங்கி வந்தது. மற்ற நான்கு பதிப்பகங்களும் இதையே கேட்கப்போகின்றன என்று தெரிந்த பிறகு, எல்லோரோடும் சண்டை போட முடியாதல்லவா? சில மாதங்களுக்குள் ஐந்து பதிப்பகங்களும் ஏஜென்சி முறைக்கு மாறின. ரேண்டம் ஹவுஸும் 2011 தொடக்கத்தில் மாறியது.

விளைவு? மாறிய பதிப்பகங்களின் இ-புக் விலை சராசரியாக 18.6 சதவீதமும், அவற்றின் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர்களின் விலை 42.7 சதவீதமும் உயர்ந்ததாக நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது.

சரி, சட்டப்படி இதுல தப்பு என்ன?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஏஜென்சி முறை சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. சம விலை ஷரத்து மட்டும் தனியாக இருந்தாலும் குற்றமில்லை. விலையை ஏற்றுவதும் குற்றமில்லை. ஒரு பதிப்பகம் தன் புத்தகத்துக்கு 50 டாலர்கூட வைக்கலாம். வாங்குபவர் வாங்கட்டும்.

குற்றம் எங்கே வருகிறது? ஒருவரோடு ஒருவர் போட்டி போட வேண்டியவர்கள், பேசி வைத்து ஒன்றாகச் செய்யும்போது.

ஒரே தெருவில் ஐந்து டீக்கடை. ஒரு கடைக்காரர் டீயை 15 ரூபாயிலிருந்து 20 ரூபாய் ஆக்கினால், பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம். ஐந்து பேரும் ராத்திரி உட்கார்ந்து பேசி, காலையில் எல்லோரும் 20 ரூபாய் ஆக்கினால், உங்களுக்குப் போக இடமில்லை. அமெரிக்காவில் 1890-ல் வந்த ஷெர்மன் சட்டம் தடுப்பது இதைத்தான். இப்படிப் பேசி விலை வைப்பதற்கு நியாயமான காரணம் இருந்ததா என்றுகூட நீதிமன்றம் பெரும்பாலும் பார்க்காது. செய்ததே குற்றம்.

2012 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. ஹேஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர் மூன்றும் அன்றே சமரசத்துக்கு வந்தன. 2012 டிசம்பரில் பெங்குவின், 2013 பிப்ரவரியில் மேக்மில்லன். கடைசிவரை நின்று வாதாடியது ஆப்பிள் மட்டும்தான்.

2013 ஜூனில் விசாரணை நடந்தது. நியூயார்க் நீதிபதி டெனிஸ் கோட் 160 பக்கத் தீர்ப்பை ஜூலை 10 அன்று கொடுத்தார். போன் அழைப்புப் பதிவுகள், மெயில்கள், சந்திப்புகள் என ஆதாரம் குவிந்திருந்தது. ஒரு மெயிலை அழித்த இடத்திலிருந்தும் மறுபடி அழித்துவிடச் சொல்லி ஒரு பதிப்பக நிர்வாகி எழுதியதும் அதில் உண்டு.

பதிப்பகங்களுக்கு ஆசை இருந்தது, தனியாகச் செய்யத் துணிச்சல் இல்லை. எல்லோரும் ஒன்றாக நகர்வதற்கான ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது ஆப்பிள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். சக்கரத்தின் குடம் ஆப்பிள், ஆரங்கள் பதிப்பகங்கள். மற்றவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்ற தகவலைச் சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு கையெழுத்தும் வாங்கப்பட்டது.

ஆப்பிளின் வாதம் என்ன?

“நாங்க பதிப்பகம் இல்லை, கடைக்காரர். ஒவ்வொரு பதிப்பகத்தோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டோம். 90 சதவீதத்தை ஒருவரே வைத்திருந்த சந்தையில் நாங்கள் வந்ததால்தான் போட்டியே வந்தது. அதற்குத் தண்டனையா?” இதுதான் ஆப்பிளின் கேள்வி.

இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஆப்பிள் வந்த பிறகு அமேசானின் பங்கு 90 சதவீதத்திலிருந்து சுமார் 60 சதவீதத்துக்கு இறங்கியது உண்மை. 2015 ஜூன் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட நீதிபதி டென்னிஸ் ஜேக்கப்ஸ், ஏகபோகத்தை உடைக்க வந்த புதியவரின் நியாயமான உத்தி என்றே ஆப்பிளின் செயலைப் பார்த்தார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி டெப்ரா லிவிங்ஸ்டன் அதை ஏற்கவில்லை. அமேசான் தவறு செய்கிறது என்று தோன்றினால் புகார் கொடுங்கள், வழக்குப் போடுங்கள். போட்டியாளர்கள் கூடிப் பேசி தாங்களே நீதி வழங்கச் சட்டத்தில் இடமில்லை என்பதே அவர் நிலைப்பாடு. பக்கத்து வீட்டில் திருடன் புகுந்தால் போலீஸைக் கூப்பிடணும், ஊர் கூடி அடிக்கக் கூடாது என்று நம்ம ஊரில் சொல்வது மாதிரி.

2016 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆப்பிளின் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. ஏற்கெனவே செய்திருந்த சமரசத்தின்படி ஆப்பிள் 450 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் 400 மில்லியன் வாசகர்களுக்கு. பதிப்பகங்கள் முன்னதாகக் கொடுத்தது 166 மில்லியன். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த 6.93 டாலர் வந்த வழி இதுதான்.

அமேசானை ஏன் தொடவில்லை?

அப்போது பலரும் கேட்ட கேள்வி இது. பதிப்பகங்களோடு செய்த சமரசத்தைப் பற்றி நீதித்துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 800-க்கும் அதிகமான கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை எதிர்ப்பு. எழுத்தாளர்கள், சிறு புத்தகக் கடைக்காரர்கள் எல்லாம் எழுதினார்கள்.

நீதித்துறை சொன்ன பதில்: அமேசானின் இ-புக் வியாபாரத்தை மொத்தமாகப் பார்த்தால் லாபத்தில்தான் ஓடுகிறது. சில பெஸ்ட்செல்லர்களில் மட்டும் நஷ்டம். கூட்டத்தை உள்ளே இழுக்க ஒரு பொருளை மலிவாக விற்பது எல்லாக் கடையிலும் நடப்பதுதான்.

அமெரிக்காவில் ‘போட்டியாளரை அழிக்கும் விலை’ என்று நிரூபிப்பது மிகக் கடினம். 1993-ல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இரண்டைக் காட்டணும். ஒன்று, அடக்க விலைக்குக் கீழே விற்றது. இரண்டு, போட்டியாளர்கள் ஒழிந்த பிறகு விலையை ஏற்றி அந்த நஷ்டத்தை எடுத்துவிட முடியும் என்ற வாய்ப்பு. இரண்டாவதைக் காட்டுவதுதான் கஷ்டம். நாளைக்கு நடக்கப்போவதற்கு இன்று எங்கிருந்து ஆதாரம் கொண்டுவருவது?

இங்கேதான் சட்டத்தின் ஒரு சாய்வு தெரிகிறது. வாசகர் இன்று கொடுக்கும் விலை ஏறினால் சட்டம் உடனே விழிக்கிறது. விலை குறைவாக இருந்து, கடைகளின் எண்ணிக்கை மெல்லக் குறைந்தால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

தீர்ப்புக்குப் பிறகு விலை குறைந்ததா?

கொஞ்ச காலம் குறைந்தது. சமரசத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குக் கடைகள் கழிவு கொடுப்பதைப் பதிப்பகங்கள் தடுக்கக் கூடாது. அந்த இரண்டு ஆண்டும் முடிந்தது.

2014-ல் ஹேஷெட்டுக்கும் அமேசானுக்கும் புதிய ஒப்பந்தம் பேசுவதில் மோதல். ஹேஷெட் புத்தகங்களுக்கு முன்பதிவு நிறுத்தம், டெலிவரி தாமதம் என்று அமேசான் நெருக்கடி கொடுத்தது. 900-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மாதக்கணக்கில் நீண்ட சண்டை நவம்பரில் முடிந்தது. எப்படி? இ-புக் விலையை ஹேஷெட்டே வைத்துக்கொள்ளலாம் என்று!

2015-க்குள் மற்ற பெரிய பதிப்பகங்களும் அதே உரிமையைப் பெற்றுவிட்டன. அதாவது எந்த முறைக்காக வழக்கு நடந்ததோ அதே ஏஜென்சி முறை திரும்பி வந்துவிட்டது. புதிய பெஸ்ட்செல்லர் இ-புக் 12.99, 14.99 டாலர் என்பது அமெரிக்காவில் மறுபடி சாதாரணம்.

அப்போ வழக்கே வீணா? அப்படியும் சொல்ல முடியாது. இந்த முறை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி வாங்கினார்கள். ஒருவர் விலையை ஏற்றும்போது இன்னொருவர் குறைத்து விற்கலாம் என்ற வாய்ப்பு திறந்தே இருக்கிறது. சட்டம் காப்பாற்றியது அந்த வாய்ப்பைத்தான். குறைந்த விலைக்கு அது உத்தரவாதம் தரவில்லை.

எழுத்தாளர் பக்கம் திரும்பிய சட்டம்

இதற்கிடையே பதிப்பகங்கள் வேறு வழியில் பலம் தேடின. 2013 ஜூலையில் பெங்குவினும் ரேண்டம் ஹவுஸும் ஒன்றாகின. ஆறு ஐந்தானது. அடுத்து சைமன் அண்ட் ஷூஸ்டரையும் 2.175 பில்லியன் டாலருக்கு வாங்க முயன்றது அந்தக் கூட்டு நிறுவனம். அமேசானை எதிர்த்து நிற்க ஆள்பலம் வேணும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

2021 நவம்பரில் நீதித்துறை வழக்குப் போட்டது. இந்த முறை வாதமே வேறு. வாசகர் கொடுக்கும் விலை ஏறும் என்று சொல்லவில்லை. எழுத்தாளருக்குக் கிடைக்கும் முன்பணம் குறையும் என்றது. ஒரு கையெழுத்துப் பிரதிக்கு ஐந்து பேர் போட்டி போட்டு ஏலம் கேட்ட இடத்தில், நான்கு பேர் மட்டும் கேட்டால் தொகை இறங்கத்தானே செய்யும்?

2,50,000 டாலருக்கு மேல் முன்பணம் பெறும் புத்தகங்களின் சந்தையை எடுத்துக்கொண்டார்கள். அதில் இணைந்த நிறுவனத்தின் பங்கு 49 சதவீதம் ஆகியிருக்கும். அரசுத் தரப்பு சாட்சியாக வந்தவர் ஸ்டீபன் கிங். சைமன் அண்ட் ஷூஸ்டர் அவருடைய பதிப்பகம்! 2022 அக்டோபர் 31 அன்று நீதிபதி ஃப்ளாரன்ஸ் பான் இணைப்பைத் தடுத்தார். பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் 200 மில்லியன் டாலர் முறிவுத் தொகை கட்டிவிட்டு விலகியது. சைமன் அண்ட் ஷூஸ்டரை 2023-ல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் 1.62 பில்லியனுக்கு வாங்கியது.

விற்பவர்கள் கூடினால் வாசகருக்கு நஷ்டம். வாங்குபவர்கள் குறைந்தால் எழுத்தாளருக்கு நஷ்டம். இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் வரும் என்று இந்தத் தீர்ப்பு காட்டியது.

விலையைத் தாண்டி: பூட்டும் 30 சதவீதமும்

ஐரோப்பிய ஆணையம் அமேசானை விடவில்லை. 2015 ஜூனில் விசாரணை தொடங்கியது. வேறு கடைக்கு நல்ல விலையோ புதிய வியாபார முறையோ கொடுத்தால் எங்களுக்கும் சொல்லணும், எங்களுக்கும் கொடுக்கணும் என்று பதிப்பகங்களோடு அமேசான் போட்டிருந்த ஷரத்துகள்தான் பிரச்னை. 2010-ல் ஆப்பிள் கையில் இருந்த ஆயுதத்தின் உறவுக்காரர்தான் இது. ஒரு புதிய கடை என்ன புதுமை செய்தாலும் அது மறுநாள் அமேசானுக்கும் கிடைத்துவிட்டால், புதிய கடை எதற்கு? 2017 மே மாதம், ஐந்து ஆண்டுகளுக்கு அந்த ஷரத்துகளை அமல்படுத்த மாட்டோம் என்று அமேசான் உறுதி கொடுத்தது.

ஆப்பிள் பக்கமும் ஒரு கதை உண்டு. ஐபோனில் கிண்டில் ஆப் வைத்திருக்கும் அமெரிக்க வாசகர்கள் 2011 முதல் அதில் நேரடியாகப் புத்தகம் வாங்க முடியாத நிலை இருந்தது. காரணம், ஆப்பில் விற்கும் டிஜிட்டல் பொருளுக்கு ஆப்பிள் கேட்ட 30 சதவீதம். இ-புக்கில் கடைக்காரரின் மொத்தப் பங்கே 30 சதவீதம்தான். அதை ஆப்பிளுக்குக் கொடுத்துவிட்டால் அமேசானுக்கு என்ன மிச்சம்?

எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதி இவோன் கொன்சாலெஸ் ராஜர்ஸ் கடுமையான உத்தரவு போட்டார். வெளித்தளத்துக்கு இணைப்புக் கொடுப்பதைத் தடுக்கவோ, அதற்குக் கமிஷன் கேட்கவோ கூடாது என்றார். அடுத்த சில நாட்களில் அமெரிக்காவில் கிண்டில் ஐபோன் ஆப்பில் புத்தகம் வாங்க ஒரு பட்டன் வந்தது. 2010-ல் பட்டனை எடுத்தது அமேசான். 2025-ல் அதே அமேசானுக்கு ஒரு பட்டன் கிடைக்க நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது.

இதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது. பத்து வருடமாகச் சேர்த்த புத்தக அலமாரி அந்தக் கடையோடு இன்னும் இறுக்கமாகக் கட்டப்பட்டது. வேறு கடையில் 2 டாலர் குறைவு என்றாலும் நாம் மாறாமல் இருப்பதற்கு இந்தப் பூட்டு ஒரு பெரிய காரணம்.

இதில் நமக்கு என்ன?

இரண்டு இடத்தில் நேரடித் தொடர்பு இருக்கிறது.

ஒன்று, சட்டம். இந்தியாவின் 2002 போட்டிச் சட்டத்தில் பிரிவு 3, போட்டியாளர்கள் கூடி விலை வைப்பதைத் தடுக்கிறது. ஆனால் ஆப்பிள் மாதிரி அதே தொழிலில் இல்லாமல் நடுவில் நின்று ஏற்பாடு செய்பவரை என்ன செய்வது? 2023-ல் வந்த திருத்தம் இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. அதே தொழிலில் இல்லாவிட்டாலும், அந்த ஏற்பாட்டை முன்னெடுப்பதில் பங்கெடுத்தவரும் கூட்டில் ஒருவராகவே கருதப்படுவார். அமெரிக்க நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடித் தீர்த்த விஷயம் நம் சட்டத்தில் ஒரு பத்தியாகவே வந்துவிட்டது.

இரண்டு, எழுத்தாளர். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிப் புத்தகங்கள் வந்தன. அதன்பிறகு பதிப்பகம் இல்லாமலே நேரடியாக வெளியிடும் தமிழ் எழுத்தாளர்கள் ஏராளம். அச்சில் கிடைக்காத பழைய புத்தகங்கள்கூட இப்படித் திரும்பி வந்தன. அது உண்மையான நன்மை.

ஆனால் அமேசானின் விதியைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால், ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேரணும். சேர்ந்தால் 90 நாள் கொண்ட ஒவ்வொரு தவணைக்கும் அந்த இ-புக் வேறு எந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைத்தளம் உட்பட. சேராவிட்டால் 35 சதவீதம். பாதி வருமானத்தை விட யாருக்கு மனசு வரும்? இப்படி ஒவ்வொரு எழுத்தாளரும் தனக்கு லாபமான முடிவை எடுக்கும்போது, தமிழில் இன்னொரு இ-புக் கடை தொடங்க நினைப்பவருக்கு விற்கப் புத்தகமே கிடைக்காமல் போகலாம். இதில் யாரும் கூடிப் பேசவில்லை, சதியும் இல்லை. அதனால்தான் இதைச் சட்டத்தில் பிடிப்பது கஷ்டம்.

கடைசியாக

அமெரிக்க நீதிமன்றங்கள் ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டன. எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், போட்டியாளர்கள் கூடி விலை வைப்பது குற்றம். அந்தப் பதில் சரிதான். இல்லாவிட்டால் நாளைக்கு எல்லாரும் ஒரு பெரியவரைக் கைகாட்டி விலையை ஏற்றுவார்கள்.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. யாரோடும் பேசாமல், ஒரே கடை மட்டும் வளர்ந்துகொண்டே போனால் என்ன செய்வது? அமேசானின் மொத்தச் சில்லறை வியாபாரத்தைப் பற்றி அமெரிக்க வர்த்தக ஆணையமும் 17 மாகாணங்களும் 2023 செப்டம்பரில் போட்ட வழக்கு இந்தக் கேள்வியைத்தான் எடுத்திருக்கிறது. அது இ-புக் வழக்கு அல்ல. ஆனால் 2010-ல் அந்தப் பதிப்பகங்கள் எதைப் பார்த்துப் பயந்தனவோ, அதைச் சட்டத்தால் தொட முடியுமா என்பது அந்த வழக்கில் தெரிந்துவிடும்.